ஹெட்லைட்டுக்குள் நிற்பது மூட்டமா, தண்ணியா? மாரிக்கு முன் செய்யவேண்டிய வேலை

ஐப்பசியில் இரண்டு பெரிய மழை விழுந்தால் போதும், மட்டக்களப்பில் வீதியோரம் நிற்கும் கார்களில் எத்தனையோவற்றுக்குக் கண்ணில் பூ விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஹெட்லைட்டின் உள்பக்கம் வெள்ளையாக மூட்டம், சிலதில் முத்து முத்தாகத் துளி, இன்னும் சிலதில் அடியில் தண்ணி தேங்கி, பிரேக் பிடிக்கும்போது அது முன்னுக்கும் பின்னுக்கும் அலம்புவதுகூடத் தெரியும். இதைக் கண்டவுடன் ஊரில் மூன்று வைத்தியம் சொல்வார்கள்: சுற்றிவர சிலிக்கன் அடி, உள்ளே அரிசி போடு, இல்லையென்றால் லைட்டையே மாற்று. மூன்றையும் நான் கேட்டிருக்கிறேன், முதலாவதைச் செய்து கெடுத்தும் இருக்கிறேன்.

கெடுத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. என்னிடம் இருப்பது பழைய ஆல்டோ. வெளிச்சம் போதவில்லை என்று ஓரிடத்தில் எல்இடி பல்ப் போடுவித்தேன். அந்தக் கார்த்திகையிலேயே வலதுபக்க லைட்டுக்குள் தண்ணி. கராஜுக்குப் போக அலுப்பு, ஹார்ட்வெயார் கடையில் ஒரு டியூப் சிலிக்கன் வாங்கி, கண்ணாடி விளிம்பு, பின்பக்கம், கீழே தொங்கிய ஒரு சின்ன ரப்பர் குழாய் என்று கண்ணில் பட்ட ஓட்டை எல்லாவற்றையும் நானே அடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அது ஹெட்லைட் இல்லை, மீன்தொட்டி. இரண்டு மூன்று கிழமைக்குள் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சும் மங்கத் தொடங்கியது. கடைசியில் காத்தான்குடியில் லைட் வேலை செய்யும் ஒரு நானாவிடம் கொண்டுபோனேன். அவர் பொனட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இதுக்குப் பின்னால இருந்த ரப்பர் எங்க?"

ரப்பரா? அப்படி ஒன்று இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எல்இடி பல்பின் பின்பக்கம் பெரிது, ரப்பர் மூடி அதற்கு மேல் ஏறாது, போட்டவர் அதைக் கழற்றி எங்கேயோ எறிந்துவிட்டார். நான் கண்ணாடியைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்க, தண்ணி பின்கதவால் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது.

ஆகவே காயவைப்பது இந்த வேலையில் சின்னப் பங்கு. தண்ணி எந்த வழியால் வந்தது என்று பிடிப்பதுதான் உண்மையான வேலை, இரண்டு நாள் அதற்குப் போனாலும் பரவாயில்லை.

ஹெட்லைட்டும் மூச்சு விடும்

ஹெட்லைட் என்பது போத்தல்போல் இறுக்கி அடைத்த சாமான் இல்லை. லைட் எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரியும், அணைத்ததும் குளிர்ந்து சுருங்கும். விரிகிற காற்று வெளியேறவும் சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே வரவும் வழி விட்டுத்தான் அதைச் செய்கிறார்கள், இல்லாவிட்டால் அந்த அழுத்தமே நாளடைவில் ஒட்டைப் பிரித்துவிடும். உள்ளே 60 பாகைச் சூட்டில் இருந்த காற்று 30 பாகைக்கு இறங்கினால் ஏறத்தாழ 9 வீதம் சுருங்கும். சுருங்கிய அளவுக்கு வெளிக்காற்றை உறிஞ்சும்.

அந்த வெளிக்காற்று எப்படிப்பட்டது என்பதுதான் எங்கள் பிரச்சினை. எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, மாரியில் காற்றைப் பிழிந்தாலே தண்ணி வரும். வெப்பம் 30 பாகையும் ஈரப்பதன் 80 வீதமும் உள்ள ஒரு நாளில், ஒரு பொருள் 26 பாகைக்குக் குளிர்ந்தாலே அதன்மேல் ஈரம் படிந்துவிடும். பகல் முழுக்க வெயிலில் நின்ற காரின்மேல் பின்னேரம் ஒரு மழை கொட்டினால் லைட்டின் முன்கண்ணாடி அந்த அளவுக்கு இறங்குவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. (கண்ணாடி என்று பழக்கத்தில் சொல்கிறேன், இப்போதைய கார்களில் அது பொலிகார்பனேட் பிளாஸ்டிக். இது பிறகு முக்கியப்படும்.) அதனால் மெல்லிய மூட்டம் வந்து போவது பழுதே இல்லை.

எவ்வளவு வந்தால் பழுது? இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள், எனக்கு இதைவிட நன்றாக விளங்கவைத்தது வேறொன்றும் இல்லை. ஒரு ஹெட்லைட்டுக்குள் 5 லீட்டர் காற்று இருக்கிறது என்று வைப்போம். மேலே சொன்ன வெப்பத்திலும் ஈரப்பதனிலும் ஒரு கன மீற்றர் காற்றில் இருக்கும் நீராவி ஏறத்தாழ 24 கிராம். அப்படியென்றால் 5 லீட்டரில் இருப்பது 0.12 கிராம். கண்ணுக்கு மருந்து விடும் குப்பியால் விட்டால் இரண்டு அல்லது மூன்று சொட்டு, அவ்வளவுதான். அந்த மூன்று சொட்டும் கண்ணாடியில் பரவி நின்றால் மூட்டமாகத் தெரியுமே ஒழிய அடியில் குளம் கட்டாது. உங்கள் லைட்டின் அடியில் ஒரு கரண்டித் தண்ணி நிற்கிறதென்றால், அது காற்றோடு வந்தது இல்லை, தண்ணியாகவே எங்கேயோ ஒரு ஓட்டையால் நுழைந்திருக்கிறது.

ஒன்றையும் கழற்றாமல் மூன்று நாள் பாருங்கள்

காலை ஆறு மணிக்கு, வெயில் படமுன், இரண்டு லைட்டையும் ஃபோனில் படம் எடுங்கள். பிறகு லைட்டைப் போட்டு இருபது முப்பது நிமிடம் ஓடிவிட்டு மறுபடி ஒரு படம். இப்படி மூன்று நாள்.

இரண்டு பக்கமும் ஒரேமாதிரி மெல்லிய மூட்டம், ஓடியபின் பல்புக்கு நேரே தெளிகிறது, மத்தியானத்தில் ஒன்றுமே இல்லை என்றால் காரை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் பளிங்குபோல் இருக்க மற்றப் பக்கம் மட்டும் வேர்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்தில் ஏதோ வழி திறந்திருக்கிறது. துளி திரண்டு கோடு கோடாக வழிந்த தடம் இருந்தாலோ, நல்ல வெயில் நாள் இரண்டு கடந்தும் போகாவிட்டாலோ அதே தீர்ப்புத்தான். மூட்டம் எந்த இடத்தில் என்றும் கவனியுங்கள். பல்பிலிருந்து தூரத்தில், இன்டிகேட்டர் இருக்கும் ஓரமூலையில் கொஞ்சம் நிற்பது வழமை, சூடு அங்கே போய்ச் சேருவதில்லை.

எல்இடி ஹெட்லைட்டோடு வந்த புதுக் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டும். பழைய ஹாலஜன் பல்ப் 55, 60 வொட் எரித்து அதில் பெரும்பங்கைச் சூடாக முன்னுக்குத் தள்ளும், கண்ணாடி தானாகக் காயும். எல்இடியின் சூடு பின்பக்கத் தகட்டால் போய்விடுகிறது, முன்கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். அதனால் மூட்டம் போக நேரமெடுக்கும், பழுது என்று அவசரப்படாதீர்கள். உத்தரவாதக் காலம் முடியாத கார் என்றால் இதற்கு மேல் வாசித்துவிட்டு ஸ்பேனரைத் தூக்கவேண்டாம், மூன்று நாள் படங்களோடு விற்றவரிடமே போங்கள்.

பின்மூடிதான் முதல் சந்தேக நபர்

லைட்டை அணைத்து, ஆறவிட்டு, பேட்டரியின் மறை முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஹைபிரிட் கார் என்றால் செம்மஞ்சள் நிற வயர்களுக்குக் கிட்டவே போகவேண்டாம். செனன் லைட் உள்ள காரில் அது பற்றும் கணத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் வரும், அதைப் பழகியவரிடம் விட்டுவிடுவதே புத்தி.

பொனட்டைத் திறந்து லைட்டின் பின்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள். எச்4 பல்ப் உள்ள கார்களில் வட்டமான கறுப்பு ரப்பர் மூடி ஒன்று இருக்கும், அதன் நடுத் துளையால் பல்பின் மூன்று தகடுகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சில கார்களில் திருகிப் பூட்டும் பிளாஸ்டிக் மூடி, அதன் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். இன்னும் சிலதில் தனி மூடியே கிடையாது, பல்பின் கழுத்தில் உள்ள ரப்பர் வளையம்தான் காவல். எந்த வகையாக இருந்தாலும் பார்க்கவேண்டியது இவ்வளவுதான்: மூடி இருக்கிறதா, ரப்பர் வெடித்திருக்கிறதா, காய்ந்து மட்டைபோல் ஆகிவிட்டதா, சுற்றிவர உதடு பள்ளத்துக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா.

எச்4 ரப்பரில் மேல்பக்கம் எது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும், அது மேலே வரவேண்டும். தலைகீழாகப் போட்டாலும் பூட்டுப்படும், ஆனால் அடியில் ஒரு வெடிப்பு விடும், பெரிய மழையில் சக்கரம் அடிக்கும் தண்ணி அதற்குள் போகும். விரலால் சுற்றிவர அமர்த்திக்கொண்டு வாருங்கள், ஓரிடத்தில் "டப்" என்று உள்ளே விழுந்தால் அதுவரைக்கும் அது திறந்துதான் இருந்திருக்கிறது. மூன்று தகடுகளைச் சுற்றியும் ரப்பர் இறுக நிற்கவேண்டும்.

எல்இடி பல்ப் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ரப்பரை வெட்டிப் பெரிதாக்கிப் போட்டிருப்பார்கள், அல்லது என் கதைபோல் எறிந்திருப்பார்கள். எல்இடிக்கென்று ஆழமான ரப்பர் மூடிகள் கிடைக்கின்றன, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அளவாக்கிக்கொள்ளலாம். ஆனால் பின்னால் சின்ன ஃபேன் வைத்த பல்பை முழுக்க மூடினால் சூடு போகாமல் அது செத்துவிடும். நான் ஹாலஜனுக்கே திரும்பிவிட்டேன். ஹாலஜனுக்கென்று வளைத்த ரிஃப்ளெக்டருக்குள் (பல்பைச் சுற்றி வெளிச்சத்தை முன்னுக்குத் திருப்பும் வெள்ளிப் பூச்சுக் கிண்ணம்) எல்இடியைப் போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் குத்துவதுதான் மிச்சம், மழைவீதியில் நமக்கும் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இதில் என்னோடு சண்டை பிடிக்க ஆட்கள் இருக்கிறார்கள், பரவாயில்லை.

மூச்சுக்குழாய்

அடுத்தது காற்று போய்வரும் வழி. லைட்டின் பின்பக்கத்தில் பொதுவாக மேலே ஒன்று, கீழே ஒன்று. முழங்கைபோல் வளைந்த சின்ன ரப்பர் குழாயாக இருக்கலாம், வாய்க்குள் பஞ்சுபோல் ஸ்பொஞ்ச் வைத்திருக்கலாம், அல்லது நாணயமளவு வட்டத்தில் ஒட்டிய மெல்லிய தோலாக இருக்கலாம். அந்தத் தோல் நீராவியை விடும், தண்ணியை விடாது.

குழாய் விழுந்து போயிருந்தால் தண்ணி நேரே நுழையும். அடைபட்டிருந்தால் வந்த ஈரம் வெளியேறாது. எங்கள் பக்கத்தில் அடைப்பதற்கு ஆளா இல்லை: குளவி மண்ணைக் கொண்டுவந்து கூடு கட்டும், எறும்பு குடியேறும், மணல் வீதியில் ஓடும் வாகனம் என்றால் புழுதி சேற்றோடு சேர்ந்து சாந்துபோல் இறுகிவிடும். குழாயைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணியில் அலசி, ஒரு ஈர்க்கிலால் கிண்டி, நன்றாகக் காயவைத்துப் பூட்டுங்கள், வாய் கீழ்நோக்கி இருக்கவேண்டும். ஸ்பொஞ்ச் பொடிந்து போயிருந்தால் மீன்தொட்டி ஃபில்டருக்கு வைக்கும் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு வெட்டி வைக்கலாம், தளர்வாக வையுங்கள். ஒட்டிய தோல் வகையைச் சுரண்டவோ எண்ணெய் பூசவோ கூடாது, மெல்லிய தூரிகையால் தூசு தட்டுவதோடு நிறுத்துங்கள்.

ஓட்டோ, மோட்டார் சைக்கிள் லைட்டுகளில் அடியில் ஒரு பொட்டுத் துளை இருக்கும். அது தண்ணி வடிய வைத்தது. அதை அடைத்தவர் நானாக இருக்கலாம் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, திறந்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம், அடியில் துளை போட்டுவிட்டால் தண்ணி வடிந்துவிடுமே என்று ட்ரில்லோடு வருவார்கள். வடியும்தான். கூடவே புழுதியும் பூச்சியும் உப்புக்காற்றும் உள்ளே போகும், ஒரு வருடத்தில் ரிஃப்ளெக்டர் போய்விடும். வயலுக்குப் போய்வரும் கடகடத்த பழைய வாகனத்துக்கு வேண்டுமென்றால் போடுங்கள், நல்ல லைட்டுக்குப் போடாதீர்கள்.

விளிம்பும் வெடிப்பும்

மூடியும் சரி, குழாயும் சரி, இன்னும் தண்ணி வருகிறதென்றால்தான் லைட்டைக் கழற்றவேண்டும். பெரும்பாலான கார்களில் மேலே இரண்டு 10 நம்பர் போல்ட் தெரியும், மூன்றாவது பம்பருக்குள் ஒளிந்திருக்கும். அதைத் தேடாமல் இழுத்துப் பூட்டுக் காதை உடைத்தவர்கள் பலர். உங்கள் மொடலுக்குப் பம்பர் இறக்கவேண்டுமா என்று முதலில் கேட்டறியுங்கள்.

கழற்றியதும் தண்ணியை ஊற்றிவிட்டு, பல்ப் துளைகளை மூடிகளால் மூடி, ஒரு மூச்சுக்குழாயை டேப்பால் அடைத்து, மற்றதில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகுங்கள். கண்ணாடியும் உடம்பும் ஒட்டும் விளிம்பு முழுக்கச் சவர்க்கார நுரை பூசிவிட்டு, குழாயால் வாயால் மெதுவாக ஊதுங்கள். நுரை எங்கே குமிழி விடுகிறதோ அங்கேதான் ஓட்டை. சைக்கிள் டியூப்பில் ஓட்டை பார்ப்பதை முறை மாற்றிச் செய்வதுதான் இது. தயவுசெய்து டயர்க் கடைக் கம்பிரஸரைக் கொண்டுவந்து பிடிக்காதீர்கள், இல்லாத ஓட்டையும் உண்டாகும்.

குமிழி வந்த இடத்தை மார்க்கரால் வட்டம் போட்டு வையுங்கள். எனக்குத் தெரிந்தவரை அது பெரும்பாலும் கீழ் விளிம்பில், அல்லது முன்பு எங்கேயோ முட்டிய மூலையில் இருக்கும். கல் பட்ட மயிர்வெடிப்பு என்றால் வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்க்கத் தெரியும்.

காயவைப்பது

ஒட்டுமுன் உள்ளே பொட்டு ஈரம் இருக்கக்கூடாது. இருந்தால் ஈரத்தை உள்ளே பூட்டிச் சாவியை எறிந்ததுபோல்தான்.

நல்ல வெயில் இருந்தால் அதைவிட மேலான கருவி இல்லை. பல்புகளையும் மூடிகளையும் கழற்றி, லைட்டைத் துணியின்மேல் கண்ணாடி சூரியனைப் பார்க்க வைத்து, பின் துளைகளுக்குக் காற்று படும்படி கொஞ்சம் உயர்த்தி, காலை பத்து மணியிலிருந்து வையுங்கள். உள்ளே சூடேறி ஈரம் ஆவியாகிப் பின்பக்கத்தால் வெளியேறும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் மூலையில் நிற்பதும் வரும். மூன்று மணிக்கு முன் எடுத்து மூடிவிடுங்கள். பின்னேரக் கடற்காற்றுக்குத் திறந்து வைத்தால் காலையிலிருந்து காய்ந்தது வீண்.

வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் காலம் இருக்கிறதே, உதடு வெடிக்க, வாசலில் போட்ட துணி அரைமணியில் மொறுமொறுக்கும் அந்த நாட்கள், அதுதான் இந்த வேலைக்கு நாள். கழற்றி ஒட்டும் வேலை எல்லாவற்றையும் கச்சானிலேயே முடித்துவிட்டால் மாரிக்குப் பயமில்லை. ஆனால் யார் செய்கிறோம், கூரை ஒழுகுவது மழையில்தானே ஞாபகம் வரும்.

மாரியில் செய்யவேண்டி வந்தால் வீட்டுக்குள் மேசை ஃபேனைப் பின் துளைக்கு நேரே வைத்து ஒரு இரவு விடுங்கள். ஹெயார் ட்ரையர் பிடிக்கலாம், குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் வேண்டவே வேண்டாம். அது சில நூறு பாகை கக்கும், பொலிகார்பனேட் 147 பாகையளவிலேயே இளகத் தொடங்கும், உள்ளே இருக்கும் கறுப்புச் சட்டம் அதற்கும் முன்னமே வளைந்துவிடும்.

அரிசி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: சோறாக்குங்கள். அரிசி ஈரத்தை இழுப்பது சொற்பம், அதன் மா உள்ளே ஒட்டிக்கொண்டால் எடுக்கவும் முடியாது. சப்பாத்துப் பெட்டியில், கமரா பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வையுங்கள். ஏழெட்டுப் பொட்டலத்தை நூலில் கோர்த்துப் பின் துளையால் இறக்கி, துளையைப் பொலித்தீனால் கட்டி ஒரு இரவு விட்டால் கடைசி மூட்டத்தையும் இழுத்துவிடும். காலையில் எண்ணிப் பார்த்து வெளியே எடுங்கள். உள்ளேயே நிரந்தரமாக விட்டுவிட்டால் சில நாளில் அது நிறைந்துவிடும், பிறகு பிரயோசனம் இல்லை, ஹாலஜன் பல்பில் உருண்டு போய்ப் பட்டால் உருகியும் போகும். ஈரம் குடித்த பொட்டலத்தில் உள்ள மணிகளைத் தட்டில் கொட்டி 110 பாகையளவில் ஓரிரு மணித்தியாலம் சூடாக்கினால் மறுபடி பாவிக்கலாம்.

காயும்வரை பொறுமையில்லாமல் துணியை உள்ளே விட்டுத் துடைக்க நினைப்பீர்கள். ரிஃப்ளெக்டரில் இருப்பது மயிரிழையிலும் மெல்லிய அலுமினியப் பூச்சு, ஒரு தடவை தேய்த்தால் பூச்சோடு வெளிச்சமும் போய்விடும்.

ஒட்டுவது

கடைக்குப் போய் வெறுமனே சிலிக்கன் என்று கேட்காதீர்கள். வினாகிரி மணக்கிற சிலிக்கன் காயும்போது அசற்றிக் அமிலத்தை விடும், அந்த ஆவி ரிஃப்ளெக்டர் பூச்சை அரிக்கும். என் லைட் மங்கியதற்கும் அதுதான் காரணம் என்று நானா சொன்னார், மணத்தை இன்னும் மறக்கவில்லை. நியூட்ரல் வகை என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், அல்லது லைட் ஒட்டவே செய்த பியூட்டைல் நாடா கிடைத்தால் அது இன்னும் நல்லது. சுப்பர் குளூவும் ஆகாது, அதன் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும், பிறகு போகாது.

வட்டம் போட்ட இடத்தையும் அதற்கு இரு பக்கமும் இரண்டு விரல் அகலத்தையும் ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட துணியால் துடையுங்கள். பெற்றோல், தின்னர், நெயில் பொலிஷ் எடுக்கும் திரவம் எதுவும் பொலிகார்பனேட்டில் படக்கூடாது, சிலந்தி வலைபோல் வெடித்துவிடும். பிறகு சிலிக்கனை வெளியே தடவிவிட்டுப் போகாமல், விளிம்பின் பள்ளத்துக்குள் விரலால் அமர்த்தி ஏற்றுங்கள். மூச்சுக்குழாயில் ஒரு பொட்டுக்கூடப் படக்கூடாது. ஒரு முழு நாள் காயட்டும், அதற்குள் பூட்டி ஓடினால் அதிர்வில் பிரியும்.

கண்ணாடியில் வெடிப்பு என்றால் தெளிந்த டேப் ஒட்டி அம்பாறை போய்வரலாம், ஒரு மாரியைக் கடத்த முடியாது.

கண்ணாடியை முழுதாகப் பிரித்து மறுபடி ஒட்டும் வேலையைப் பற்றிக் கேட்பீர்கள். பியூட்டைலால் ஒட்டிய லைட்டை 100 பாகை அளவில் ஏழெட்டு நிமிடம் சூடாக்கினால் பசை இளகிப் பிரியும், நானா அதற்கென்றே ஒரு பெட்டி அடுப்பு வைத்திருக்கிறார். பொலியூரிதேனால் ஒட்டிய லைட்டுக்கு இது சரிவராது, கண்ணாடிதான் உடையும். எது எந்தப் பசை என்று பார்த்துச் சொல்ல அனுபவம் வேண்டும், அதனால் முதல் பரிசோதனையைச் சொந்தக் காரில், அதுவும் வீட்டுச் சமையல் அடுப்பில் செய்யாதீர்கள். கூலி கொடுத்துச் செய்வியுங்கள்.

பூட்டும்போது

பல்ப் கனெக்டரைப் பாருங்கள். கல்லடி, திருக்கோவில், பொத்துவில் என்று கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்குச் செம்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கொன்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்தபின் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் தொட்டு வையுங்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடவேண்டாம், கைப்பிசுக்கு பட்ட இடம் கூடச் சூடேறி வெடிக்கும்.

லைட்டைக் கழற்றிப் பூட்டினால் அதன் பார்வை மாறியிருக்கும், இதை நிறையப்பேர் விட்டுவிடுகிறார்கள். மட்டமான நிலத்தில் ஒரு மதிலிலிருந்து 10 மீற்றர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். நிலத்திலிருந்து பல்பின் நடு வரை உள்ள உயரத்தை அளந்து மதிலில் கோடு போடுங்கள். டிம் லைட்டின் வெளிச்சம் வெட்டுப்படும் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கீழே விழவேண்டும், இடதுபக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும், நாங்கள் இடப்பக்கம் ஓடுபவர்கள் என்பதால். இரவில் வீதியில் படுத்துக்கிடக்கும் மாடுகளையும், சியம்பலாண்டுவைப் பக்கம் போனால் யானையையும் நேரத்தோடு காட்டப்போவது அந்த ஏற்றம்தான்.

பிறகு தோட்டக் குழாயால் மழைபோல் பத்து நிமிடம் தண்ணி அடித்து, லைட்டை இருபது நிமிடம் எரியவிட்டு, அணைத்து, அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

சர்விஸ் கடையும் வெள்ளமும்

இரவு ஓடிவந்த சூட்டோடு, அல்லது உச்சி வெயிலில் நின்ற காரைக் கொண்டுபோய் பிரஷர் வோஷ் அடித்தால், சூடான லைட்டின்மேல் குளிர்ந்த தண்ணி விழுந்து உள்ளே காற்று சட்டென்று சுருங்கும், அந்த நேரம் விளிம்பில் நிற்பது தண்ணி, காற்றுக்குப் பதில் அதைத்தான் குடிக்கும். கால்மணி ஆறவிட்டுக் கழுவச் சொல்லுங்கள், துப்பாக்கியை லைட் விளிம்பில் கிட்டப் பிடிக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நடப்பதும் இதேதான். கிரான் பக்கம், படுவான்கரைப் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணி ஓடும்போது, எரிந்துகொண்டிருந்த லைட் தண்ணிக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயே ஸ்ட்ரோவாக மாறி உறிஞ்சும். பம்பருக்கு மேல் தண்ணி என்றால் லைட்டைப் பற்றிக் கவலைப்படும் கட்டம் அது இல்லை, திரும்பிவிடுங்கள், இரவில் என்றால் ஆழம் குறைவாகத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். எப்படியோ போய்வந்துவிட்டால் அன்றைக்கே பின்மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளத்தண்ணி சேற்றோடு காய்ந்தால் உள்ளே படியும் வண்டல் எந்த வைத்தியத்துக்கும் போகாது.

ரிஃப்ளெக்டர் பூச்சு உரிந்திருந்தால், அல்லது எல்இடி லைட்டின் உள்ளிருக்கும் பலகையில் தண்ணி பட்டுச் சில புள்ளிகள் எரியாமல் போனால் மாற்றத்தான் வேண்டும். புதுசை விடப் பழைய ஒரிஜினலைக் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் எடுப்பித்துப் போடுவது என் விருப்பம், மலிவுப் பிரதிகளில் விளிம்பு ஒட்டு சரியில்லாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது பின்மூடிகளும் மூச்சுக்குழாய்களும் எண்ணிக்கைப்படி இருக்கின்றனவா என்று பாருங்கள், கழற்றி விற்கும்போது அவைதான் முதலில் தொலையும். பழையதை எறியமுன் அதிலிருக்கும் ரப்பர், வளையம், கிளிப் எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். என் ஆல்டோவின் வலது லைட்டுக்குப் பின்னால் இன்றைக்கு இருக்கும் ரப்பரும் அப்படி நானாவின் பிஸ்கட் டின்னிலிருந்து வந்ததுதான், காசு வாங்கவில்லை, தலைகீழாகப் பூட்டாதே என்று மட்டும் சொன்னார்.